எட்டு நிமிடத்துக்கு ஒரு தரம்

பன்னிரண்டு புள்ளி நான்கு ஆறு. மோசமில்லாத எண். ஆனால் இரண்டரை மணி நேரம் இன்ஜின் ஓடி வந்த பேட்டரி இதைவிடக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். மீட்டரின் சிவப்புக் கிளிப்பை இந்தப் பக்கமும் கறுப்புக் கிளிப்பை அந்தப் பக்கமும் மாட்டிவிட்டு, ஐஸ் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவள் மாதிரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணி ஒன்பது. தருவைகுளத்துக் கரை முதலில் ஒரு கோடாகத் தெரிந்தது, பிறகு கோடும் இல்லை. வலையை விட்டாயிற்று, அதன் முனையை வள்ளத்தில் கட்டியாயிற்று, இன்ஜினை நிறுத்தியாயிற்று. இனி இரண்டு மணி நேரம் இவர்கள் வலையில் மீன் விழுவதற்குக் காத்திருப்பார்கள், நான் இந்த எண் விழுகிறதா என்று காத்திருப்பேன். நாற்பத்தொரு வயது எனக்கு. கடற்கரையில் பிறந்து கடற்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள், இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடலுக்குள் வருகிறேன், அதுவும் பேட்டரி பார்க்க. நீச்சல் தெரியாது. பேட்டரிக்கும் தெரியாது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. என் பேட்டரிக் கடைக்கு வருகிறவர்களிடம் பதினாறு வருஷமாக நான் சொல்லி வரும் முதல் பாடம், உப்புத் தண்ணீர்தான் பேட்டரிக்கு முதல் எதிரி, டெர்மினலில் பச்சைப் பொடி பூக்க விடாதீர்கள், கிரீஸ் தடவுங்கள், மூடி வையுங்கள் என்பது. இப்போது அந்த எதிரியின் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரி நல்ல குணமாகத்தான் இருக்கிறான் இன்றைக்கு, நீலமாக, சோம்பலாக, வள்ளத்தை ஒரு பக்கம் தூக்கி மறு பக்கம் இறக்கி. இறக்கும்போது மட்டும் வயிற்றில் இருப்பது ஒரு நிமிஷம் தாமதமாக இறங்குகிறது. கில்பர்ட் காலையில் மஞ்சள் பைக்குள் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு துண்டு இஞ்சியும் போட்டு, கூடவே மாதா சுரூபம் பதித்த சாவிக்கொத்தையும் போட்டுக் கொடுத்தார். என்னைக் கட்டியவர் வேன் ஓட்டுகிறவர், கடலுக்குப் போனதே இல்லை. இருந்தும் போய் வந்தவர் மாதிரி யோசனை சொன்னார், தூரத்தைப் பார், கிட்டத்தைப் பார்க்காதே என்று. நான் பார்க்க வேண்டியது கிட்டத்தில் இருக்கிற இந்த நாலு இலக்கத்தை. என்ன செய்ய.

வராமல் இருந்திருக்கலாமா? முடியாது. வலேரியன் அண்ணன்தான் இந்த வள்ளத்துக்குச் சொந்தக்காரர், ஓட்டுகிறவரும் அவரே. அதோ முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலையின் மிதவைகளைப் பார்த்தபடி இருக்கிறார். காலையிலிருந்து என்னிடம் பேசியது மூன்று சொல், அதில் ஒன்று 'உக்காரு'. ஒரே மாதத்தில் மூன்று தடவை அவருக்குக் கடலில் பேட்டரி இறங்கிவிட்டது. மூன்றாவது தடவை, போன செவ்வாய்க்கிழமை, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் எடுக்கவே இல்லை, வயர்லெஸ்ஸும் செத்துவிட்டது. ஐந்து மணி நேரம் நீரோட்டத்தின் போக்கில் தெற்கே போய், யாரோ ஒரு விசைப்படகுக்காரர் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்து விட்டிருக்கிறார். கரைக்கு வந்ததும் ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "ஜெனோவா சார்ஜ் போட்ட பேட்டரிய நம்பிக் கடலுக்குப் போறவன், போறதுக்கு முந்தி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போங்கல." அதாவது, சாமியாரிடம் பாவத்தை எல்லாம் சொல்லி மன்னிப்பு வாங்கி, சாகத் தயாராகப் போக வேண்டுமாம். கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்த ஜெனோவா நான், அதே இடத்தில்தான் நின்றேன், கையில் இரண்டு அயிலை மீனோடு. நல்ல பேச்சுத்தான், வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன், அதுதான் எரிச்சல். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நாலு பேர் கடைக்கு வந்து, டவுன்ல ஒருக்கா காட்டிப் பாக்கோம் என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அவரவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவதாக வலேரியன் அண்ணனே வந்தார், சார்ஜுக்கு விட்டிருந்த தன் பேட்டரியைத் திருப்பி வாங்க. நான்தான் சொன்னேன், பேட்டரிய நான் தரமாட்டேன், நானே வள்ளத்துல வந்து பாக்கேன் என்று. வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரிந்தது. பெண் பிள்ளை வள்ளத்தில் கடலுக்குப் போவதா என்று இரண்டு நாள் தெருவில் பேச்சு. வலேரியன் அண்ணன் பெண்டாட்டி இமாகுலேட் அக்காதான் அதை முடித்து வைத்தார். "வள்ளத்துக்கு அடைக்கல மாதான்னு பேரு வச்சிருக்கிய. மாதா என்ன ஆம்பளையா?" அதற்குப் பங்குச் சாமியாரே பதில் சொல்ல முடியாது.

பன்னிரண்டு புள்ளி நான்கு இரண்டு. இறங்குகிறது, ஆனால் ஜி.பி.எஸ். ஓடுகிறது, மீன் காட்டும் கருவி ஓடுகிறது, வயர்லெஸ் முனகிக்கொண்டிருக்கிறது, இறங்கத்தான் செய்யும். இதற்கெல்லாம் பயமில்லை. பயம் வேறு ஒன்று. அதை யாரிடமும் சொல்லவில்லை, கில்பர்ட்டிடம்கூட. பேட்டரிக்குள் ஆறு அறைகள். சார்ஜ் போட்டு இறக்கியதும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குப்பி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பேன். எல்லா அறையிலும் ஒரே உயரத்தில் நின்றால் பேட்டரி ஆரோக்கியம். ஒன்று தாழ்ந்தால் மற்ற ஐந்தையும் அது இழுத்துக்கொண்டு போகும். சனிக்கிழமை இந்தப் பேட்டரியைப் பார்த்தேன். முதல் அறை, சரி. இரண்டாவது, சரி. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவதை மூடும்போது ஷெரின் போன் பண்ணினாள். என் மகள், மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். அம்மா, அம்மா, என்று மூச்சு வாங்குகிறது அவளுக்கு, என்னடி ஆச்சு என்று நான் கத்துகிறேன், "முத குத்துலயே நரம்பு கெடச்சிட்டும்மா! ஒரு தாத்தாவுக்கு. அவருக்கே தெரியல, எப்ப குத்துனன்னு கேக்காரு!" அப்புறம் நான் என்ன செய்தேன்? சிரித்தேன். கடைக்கு வெளியே போய்த் தையல்கடைச் செல்வியிடம் சொன்னேன். உள்ளே வந்தேன். ஆறாவது மூடி. ஆறாவது மூடி மூடியிருந்தது. பார்த்துவிட்டு மூடியதா, திறக்கவே இல்லையா? மூன்று நாளாக அந்த இடத்துக்குப் போய்ப் போய் வருகிறேன். ஐந்தாவதை மூடுகிறேன், போன் அடிக்கிறது, தாத்தாவின் நரம்பு, செல்வி, உள்ளே வருகிறேன், ஆறாவது மூடி மூடியிருக்கிறது. பாட்டுக் கேசட்டில் நாடா சிக்கிய இடம் மாதிரி அங்கே மட்டும் ஒரு கரகரப்பு, அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து. இவர்கள் மிதப்பதற்கு முந்தி சார்ஜ் போட்டபோது பார்த்தேனா? அதற்கு முன்னால்? பார்த்திருப்பேன். 'பார்த்திருப்பேன்' என்பது ஒரு பதிலா?

"பிள்ள, வாந்தி வருதா?" என்றார் தொபியாஸ் மாமா. இந்த வள்ளத்தில் வலேரியன் அண்ணனோடு தொழிலுக்கு வருகிற ஒரே ஆள், அறுபதை நெருங்கியவர், காலையிலிருந்து எனக்கு வாந்தி வருவதற்காக ஆசையோடு காத்திருக்கிறார். வரல மாமா, என்றேன். "வரும். நான் முத நாளு குடலையே கொண்டாந்து போட்டேன். வந்துட்டா நல்லது, கடலு நம்மள சேத்துக்கிட்டுன்னு அர்த்தம்." அவருடைய சின்ன ஸ்பீக்கர் பெட்டி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது, அவர் அதற்கு மேல் சத்தமாகப் பாடினார். ஸ்பீக்கர் தனி சார்ஜ், நான் ஏறியதும் முதலில் கேட்டது அதைத்தான். பன்னிரண்டு புள்ளி மூன்று ஐந்து. சட்டென்று பன்னிரண்டு புள்ளி இரண்டு ஒன்று. ஐயோ. கிளிப் நழுவியதா என்று அழுத்திப் பிடித்தேன், நழுவவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு மறுபடி மூன்று நான்கு. அலையாக இருக்கும், வள்ளம் சாய்ந்தபோது வயர் அசைந்திருக்கும், என் கை நடுங்கியிருக்கும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் வகுப்பில் இருபத்துமூன்று பையன்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. முதல் நாள் மீட்டரைக் கையில் கொடுத்ததும் முள் ஆடியது, இன்ஸ்ட்ரக்டர் சொன்னார், மீட்டர் பொய் சொல்லாது, கைதான் பொய் சொல்லும். பையன்கள் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அதே பையன்கள் ரெக்கார்டு நோட்டை என்னிடம் வாங்கித்தான் எழுதினார்கள். என் சேலை, நைட்டி, துப்பட்டா எல்லாவற்றிலும் ஆசிட் தெறித்த பொட்டுப்பொட்டு ஓட்டைகள், கொடியில் காயப் போட்டால் சல்லடை. பூசைக்கு உடுத்துகிற ஒரே ஒரு சேலையைத்தான் ஓட்டையில்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன், அதுவும் முந்தானையில் ஒன்று வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகு ஒரு மூடியைத் திறக்க மறந்தவள் என்று பெயர் வாங்குவதா? ஐந்து மணி நேரம் இந்த இரண்டு பேரும் போக்கற்று மிதந்தார்களே, அது ஒரு மூடியாலா? பன்னிரண்டு புள்ளி ஒன்று ஐந்து. மறுபடி இறங்கியிருக்கிறது. நின்றது. ஏறியது, இரண்டு எட்டு. கை நடுங்கவில்லை, இந்தத் தடவை நான் மீட்டரைத் தொடவே இல்லை.

திறந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். பைக்குள் கண்ணாடிக் குழாய் இருக்கிறது, பேட்டரி முன்னால் இருக்கிறது, ஆறாவது மூடி ஆறாவது இடத்தில்தான் இருக்கிறது. இருந்தும் ஒரு மணி நேரமாகத் திறக்கவில்லை. கடலைப் பார்த்தேன், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தேன், மீன் காட்டும் கருவியில் மீன் வருகிறதா என்று கவலைப்பட்டேன். ஷெரின் முதல் குத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? கேட்கவில்லை. அடுத்த முறை கேட்க வேண்டும். மூடியைத் திருகினேன். உறிஞ்சினேன். குப்பி மேலே வரவில்லை, பாதியில், சோம்பேறி மாதிரி, தாழ்ந்து நின்றது. ஐந்தாவதைத் திறந்து பார்த்தேன், அது நிமிர்ந்து நின்றது. மறுபடி ஆறாவது. அதே தாழ்வு. சரி. மூன்று நாளாக எதைச் சுற்றிச் சுற்றி வந்தேனோ அது இதோ என் கையில், ஒரு கண்ணாடிக் குழாய்க்குள். விசித்திரம் என்னவென்றால் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கேசட் அந்த நிமிஷமே நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு மூடியைத் திருகிவிட்டால் இந்தக் கடலில் இதைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அதுவும் மனசில் ஓடியது, ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பேட்டரி மறுபடி இவர்களோடு கடலுக்கு வரும், நான் வரமாட்டேன். "வலேரி அண்ணே," என்று கூப்பிட்டேன். திரும்பினார். "இதுல ஒரு அறை சோந்து கெடக்கு. சனிக்கெழம நான் அஞ்சத்தான் பாத்திருக்கேன், ஆறாவதப் பாக்காம விட்டிருக்கேன். அது என் தப்பு." அவர் எழுந்து வந்து குழாயை வாங்கி, அதில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். "அப்ப அதான் காரணமா?" என்றார், ரொம்பச் சாதாரணமாக. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "ஒரு காரணம். ஆனா இது மட்டும் இல்லண்ணே. ஒரு அறை சோந்தா மெதுவாத்தான் இறங்கும். இது என்னமோ விட்டு விட்டு இழுக்குது. நீங்களே பாருங்க."

மூன்று பேரும் மீட்டரைச் சுற்றிக் குனிந்து நின்றோம். பன்னிரண்டு புள்ளி ஒன்று ஒன்று. அசையவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தொபியாஸ் மாமா என் முகத்தைப் பார்த்தார், வாந்தி வரும் முன்னால் சிலருக்கு இப்படிப் பிரமை தட்டும் என்று நினைக்கிறார் போல. ஜி.பி.எஸ்.ஸை அணைக்கச் சொன்னேன், மீன் கருவியை, வயர்லெஸ்ஸை, எல்லாவற்றையும். அணைத்தார்கள். இப்போது இந்த வள்ளத்தில் மின்சாரம் தின்கிற ஜீவன் எதுவும் இல்லை. செல்போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு நிமிஷம், ஏழு. எண் சட்டென்று குப்புற விழுந்தது. பதினொன்று புள்ளி ஒன்பது மூன்று. "பாத்தீங்களா! பாட்ட நிறுத்துங்க மாமா!" ஸ்பீக்கர் நின்றதும் கடல் திடீரென்று பெரிதாகிவிட்டது. அலை பலகையில் அடிக்கும் சத்தம், எங்கள் மூச்சு. நான் ஐஸ் பெட்டியிலிருந்து இறங்கி இன்ஜினுக்குப் பின்னால் இருந்த தளப்பலகையில் காதை வைத்துப் படுத்தேன். அடியில், எங்கோ ஆழத்தில், வண்டு முனகுவது மாதிரி ஒரு சத்தம். முப்பது, நாற்பது எண்ணினேன். நின்றது. எண் மேலே ஏறியது. படுத்தபடியே அடுத்ததற்கும் காத்திருந்தேன், சரியாக எட்டாவது நிமிஷம் மறுபடி அதே முனகல். எட்டு நிமிடத்துக்கு ஒரு தரம், நாற்பது எண்ணிக்கை நேரம், எவனோ ஒருத்தன் அடியில் இருந்து குடிக்கிறான். "அண்ணே, சுவிட்ச் இல்லாம தானா ஓடுற சாமான் எதாவது வச்சிருக்கீங்களா?" இல்ல, என்றார். உடனே வாய் அப்படியே நின்றது. "தண்ணி இறைக்கிற மோட்டார். சித்திரையில வள்ளத்துக்குப் பூச்சு வேல நடந்தப்ப வச்சாங்க. உள்ள தண்ணி தேங்கினா மெதவை தூக்கும், தானா ஓடும், தானா நிக்கும்னான். நான் மறந்தே போனேன்." பேட்டரியின் டெர்மினலில் ஒரு மெல்லிய பழுப்பு வயர் தனியாகச் சுற்றியிருந்தது. கரையில் வைத்து மூன்று தடவை நான் அந்தப் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், மூன்று தடவையும் அதை ஏதோ லைட் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் இப்போது எனக்கு வேறு ஒன்று உறைத்தது. மோட்டார் ஓடுவதல்ல விஷயம். எட்டு நிமிடத்துக்கு ஒரு தரம் இறைக்க அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பலகையைத் தூக்கினார்கள். டார்ச்சை நான் பிடித்தேன். இன்ஜினிலிருந்து வரும் இரும்புத் தண்டு வள்ளத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் விசிறிக்குப் போகிறதே, அந்தத் துளையை அடைத்து வைக்கும் இடத்தில், சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர், தெளிவாக, அழகாக, குழாயைத் திறந்துவிட்டது மாதிரி வந்துகொண்டிருந்தது. வலேரியன் அண்ணன் மெதுவாகச் சொன்னார், "போன மாசம் விசிறில பழைய வலை சுத்திச்சு. முன்னயும் பின்னயும் உதறி உதறி எடுத்தேன். அதுல லூசாயிருக்கு." பிறகு, இன்னும் மெதுவாக, "செவ்வாக்கெழம மெதந்து கெடந்தப்ப உள்ள கணுக்கால் தண்ணி. வலையில வந்த தண்ணின்னுல்லா நெனச்சேன்." பேட்டரி செத்ததால் மோட்டார் நின்று, மோட்டார் நின்றதால் தண்ணீர் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் அந்த விசைப்படகு வராமல் இருந்திருந்தால் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய் ஒரே நேரத்தில் திரும்பி வந்தோம். கரையில் கட்டிக் கிடக்கும்போதும் ராவும் பகலும் இந்தப் பேட்டரி இவர்கள் வள்ளத்தை இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சோர்ந்த ஓர் அறையோடு, ஒருவருக்கும் தெரியாமல். நானும் திட்டினேனே இதை, சனியன் என்று. இப்போதைய எண் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு. இதில் செல்ஃப் எடுக்குமா? எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம். ஒரு தடவை முயன்று தோற்றால் இரண்டாவது தடவைக்குச் சத்து இருக்காது, மோட்டாருக்கும் இருக்காது. நீச்சல் தெரியாதவளுக்கு என்னவெல்லாம் தோன்றும்? ஷெரினின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கவில்லையே என்று தோன்றியது. கில்பர்ட்டுக்கு மத்தியானத்துக்கு ரசம் மட்டும்தானே வைத்தேன் என்று தோன்றியது. அப்புறம், பேட்டரிக்கு இப்போது என்ன வேண்டும் என்று தோன்றியது, அது தோன்றியதும் மற்றது எல்லாம் ஒதுங்கி நின்றுகொண்டது. ஓய்வு. வேறொன்றும் இல்லை. சுமையை இறக்கிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா விட்டால் பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கி எழும். "மாமா, வாளிய எடுங்க. மோட்டாருக்குப் பதிலா இனி நீங்கதான்." தொபியாஸ் மாமா சேலை கட்டியவள் சொல்கிறாள் என்றெல்லாம் யோசிக்கவில்லை, குனிந்து இறைக்க ஆரம்பித்தார். நான் அந்தப் பழுப்பு வயரைக் கழற்றினேன்.

வலேரியன் அண்ணன் பள்ளத்துக்குள் தலைகீழாக இறங்கி, ஸ்பேனரால் இரண்டு நட்டையும் மாறி மாறி முறுக்கினார். நான் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டெர்மினலைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன், பளபளவென்று ஈயம் தெரிகிற வரை, கிளிப்பின் உட்புறத்தையும் தேய்த்து, அசையாமல் இறுக்கி மாட்டினேன். சுண்டுவிரல் தண்ணீர் நூலாயிற்று, நூல் அறுந்து சொட்டாயிற்று. இன்னும் முறுக்குங்கண்ணே, என்றேன். "கூடாது," என்றார் உள்ளேயிருந்து. "ஒரேயடியா அடைச்சா தண்டு சூடேறி எரிஞ்சிரும். சொட்டுச் சொட்டா விழணும். அதான் கணக்கு." ஓ. அவருக்கும் ஒரு மீட்டர் இருக்கிறது. பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு. ஒன்று இரண்டு. தொபியாஸ் மாமா இறைத்துக்கொண்டே செபமாலை சொன்னார், ஒரு அருள் நிறைந்த மரிக்கு ஒரு வாளி. ஒன்று ஆறு. அதற்கு மேல் ஏறவில்லை. இன்னும் காத்திருக்கலாமா? காத்திருந்தால் ஏறுமா, களைப்பு மறுபடி இழுக்குமா? எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐ.டி.ஐ. இன்ஸ்ட்ரக்டர் இங்கே இல்லை. இந்த வள்ளத்தில் பேட்டரிக்காரி நான்தான். "அண்ணே, இன்ஜின் தலையில இருக்க அந்த லீவரத் தூக்கிப் பிடிச்சா காத்து அடைக்காம லேசாச் சுத்தும்லா?" ஆமா, என்றார். "தூக்கிப் பிடிங்க. நான் சாவியத் திருகுதேன். நல்லா வேகம் எடுத்ததும் சொல்லுதேன், அப்ப விடுங்க." சாவியை யாரிடமும் கொடுக்காத மனுஷர், என் கையில் கொடுத்தார். திருகினேன். கர்ர்... கர்ர்... இழுத்து இழுத்து, படி ஏறும் கிழவர் மாதிரி. ஏறு ராசா. ஏறு. கர்ர் கர்ர் கர்கர்கர், சத்தம் ஒன்றோடொன்று நெருங்கி, நெருங்கி, "இப்ப!" லீவரை விட்டார். ஒரு இருமல். ஒரு வெற்று மௌனம், அதற்குள் என் வயசு முழுக்க ஓடியது. பிறகு டுப் டுப் டுப் டுப் என்று கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. தொபியாஸ் மாமா வாளியை ஆகாசத்துக்கு எறிந்தார், அது கடலில் போய் விழுந்தது. நான் மீட்டரைப் பார்த்தேன், பதிமூன்று புள்ளி ஐந்து, ஏறுகிறது. பார்த்த கையோடு வள்ளத்தின் விளிம்புக்கு ஓடிக் குனிந்து காலையில் தின்ற இட்லி, இஞ்சி, எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தேன். "வந்துட்டு!" என்று கூவினார் தொபியாஸ் மாமா, மகளுக்குப் பிரசவம் ஆனவர் மாதிரி. "வலேரி, பிள்ளைக்கு வாந்தி வந்துட்டு!"

வலையை இழுத்தோம். இழுத்தோம் என்றால் அவர்கள் இழுத்தார்கள், நான் மீனைக் கழற்றினேன், ஒரு பாறை மீனின் முள் கையில் ஏறியது. சீலா பதினேழு, பெரிய பாறை நாலு, கிழங்கா கொஞ்சம். வாளியும் ஒரு பக்கமாக மிதந்து வந்தது, அதையும் எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது வலேரியன் அண்ணன் வயர்லெஸ்ஸை எடுத்தார். ஊர் வள்ளங்கள் எல்லாம் கேட்கிற சானல் அது. எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்குவதும் விடுவதுமாக இருந்தார். பிறகு ஒரே மூச்சில், "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஜெனோவா எங்கூட வந்திருக்கு. பேட்டரில ஒரு அறை சரியில்ல, அத இந்தப் பிள்ளையே சொல்லிட்டு. ஆனா ஓட்ட என் வள்ளத்துல. பேட்டரிதான் இத்தன நாளா எங்கள முங்காம வச்சிருந்திருக்கு. அவ்வளவுதான்." அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "பாவசங்கீர்த்தனம் யாரு பண்ணணும் அண்ணே, நீயா நாங்களா?" என்றார்கள். வயர்லெஸ் முழுக்கச் சிரிப்பு, வலேரியன் அண்ணனும் சிரித்தார், முதுகு குலுங்குவது தெரிந்தது. அடியில் விழும் அந்தச் சொட்டை நினைத்துத்தான் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தங்கச்சி, இதப் பிடி, நேரா போ," என்று சுக்கானை என் கையில் தள்ளிவிட்டுப் பலகையைத் தூக்கிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். நேராகப் போ என்றால், எதைப் பார்த்து நேராக? முன்னால் தண்ணீர்தான் இருக்கிறது, பளபளவென்று, எங்கேயும் ஒரு தெரு இல்லை. அப்படி இப்படி ஆட்டினேன். வள்ளம் நான் சொன்ன பக்கம் திரும்பியது, நான் சொன்னதற்கு! உள்ளேயிருந்து அவர் சத்தம் போட்டார், "நிமிசத்துக்கு ஒம்பது சொட்டு!" நான் மீட்டரைக் குனிந்து பார்த்து, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினேன், "பதினாலு புள்ளி ஒண்ணு!" கொஞ்சம் பொறுத்து, "எட்டுச் சொட்டு!" "பதினாலு புள்ளி ரெண்டு!" ஐஸை உடைத்து மீன் மேல் போட்டுக்கொண்டிருந்த தொபியாஸ் மாமா நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏ, கரைக்கு வருமுன்னயே ரெண்டு பேரும் என்னத்தல ஏலம் விடுதிய?"

"பதினாலு புள்ளி மூணு!" என்றேன்.